முதலில் க்ரீம், பிறகு ஜாம்

பாழாய்ப்போன பெப்பர்மின்ட் மிட்டாய், சுற்றியிருந்த காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பிரிப்பதற்காக ஏவிஸ் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். எடுத்தது ஒரு நொடிதான். டப்பென்று ஒரு சத்தம். காரின் இடது பக்கக் கண்ணாடி மடங்கி அவள் ஜன்னலில் வந்து அறைந்தது.

"கிளை," என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மெர்வின். "இந்தக் கவுன்சில்காரனுங்க வேலியை வெட்டுறதே இல்லை. வரி மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுது."

ஏவிஸ் திரும்பிப் பார்த்தாள். கிளையாவது மண்ணாங்கட்டியாவது. ஆள் உயர வேலியோடு ஒண்டிக்கொண்டு ஒரு பழுப்பு மட்டக் குதிரை தாறுமாறாகக் கால் மாற்றிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். உடம்பில் பளபளக்கும் மஞ்சள் சட்டை. ஒரு கால் சேணத்தின் மிதிவளையத்திலிருந்து நழுவித் தொங்கியது. வாய் திறந்திருந்தது. கத்தினாளா, அழுதாளா, எதுவும் கேட்கவில்லை. அதற்குள் வளைவு வந்து அவளை மறைத்துவிட்டது.

"கிளைதானே?" என்று மெர்வின் கேட்டார்.

"ம்," என்றாள் ஏவிஸ்.

அந்த 'ம்' தன் தொண்டையிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. நிறுத்து என்று கத்தியிருக்க வேண்டும். காரை விட்டு இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டாள். அந்தப் பெண் விழவில்லை, குதிரைமேல்தான் இருந்தாள், கண்ணால் பார்த்தேன், விழவில்லை. இதையே உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

"அதோ, ஆடு ரெண்டு ரோட்டோரமா மேயுது பாரு, எவ்வளவு குண்டு!" என்றாள் சத்தமாக.

"தெரியுது, தெரியுது," என்று மெர்வின் வேகத்தைக் குறைத்தார்.

சில மாதங்களாக இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் ஏவிஸ் வானத்தைப் புகழ்வாள். டிராக்டர் வந்தால் அது யாருடைய டிராக்டர் என்று சந்தேகம் கேட்பாள். பாலம் குறுகினால் ஆற்றில் தண்ணீர் ஜாஸ்தி என்பாள். வாய் ஓயாமல் வளவளவென்று பேசும் மனைவி என்று ஊரார் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அவள் பேச்சை நிறுத்தினால் வண்டி வேலிக்குள் போய்விடும். இது மெர்வினுக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது ஏவிஸுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்று அவள் ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்கு அவர், "கண்ணாடியைத் துடைக்கணும், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுக் காரின் முன்கண்ணாடியை மாங்கு மாங்கென்று துடைத்தார்.

மெர்வின் லஸ்கோம் சாதாரண டிரைவரா என்ன! வேலைக்காலம் முழுக்க டெவன் மாவட்டத்தின் குறுகல் ரோடுகளில் சுற்றுலாப் பயணிகளைப் பெரிய பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தேநீர்க்கடை தேநீர்க்கடையாகக் கூட்டிப்போனவர். எதிரே வைக்கோல் வண்டி வந்தால் அவ்வளவு பெரிய பஸ்ஸை மலைச்சரிவில் பின்பக்கமாகவே ஓட்டி, அடுத்த ஒதுங்குமிடம்வரை கொண்டுபோய்விடுவார். பயணிகள் கை தட்டுவார்கள். டேமர் ஆற்றுப் பாலத்தருகே வந்ததும் மைக்கைப் பிடிப்பார்.

"சீமாட்டிகளே, சீமான்களே! அந்தக் கரையில இருக்கிறது கார்ன்வால். அங்க ஸ்கோன் ரொட்டியைப் பிளந்து முதல்ல ஜாமைத் தடவுறாங்க, அதுமேல க்ரீமை வைக்கிறாங்க. யாரும் அவங்களைத் திட்டாதீங்க. பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் முதல்லயா, ஜாம் முதல்லயா? க்ரீம்தானேய்யா இங்க வெண்ணெய்!"

வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் மனிதர் உண்மையிலேயே நம்பியவர். அவர்களுடைய ஒரே மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரனைக் கட்டிக்கொண்டாள். கல்யாண விருந்தில் ஸ்கோன்களெல்லாம் ஜாம் கீழே, க்ரீம் மேலே என்று தயாராகத் தட்டில் வந்தன. மெர்வின் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மேஜைக்கு வந்த ஸ்கோன் ஒவ்வொன்றையும் கத்தியால் வழித்துத் திருப்பித் தடவினார். சம்பந்தி இன்றுவரை அதை மறக்கவில்லை. இப்போது அந்த மகள், "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, வந்துடுங்கப்பா," என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கார் இல்லையென்றால் அங்கேதான் போக வேண்டும். அவர்கள் குடியிருந்த இடத்துக்கு பஸ் கிடையாது, கடை கிடையாது, மருந்து வாங்கவும் கார்தான். ஏவிஸுக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் மெர்வின் கற்றுக்கொடுத்தார், அவள் நேராக ஓடைக்குள் விட்டாள், அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் அவள் திரும்ப ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே இந்த வியாழக்கிழமை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாராவாரம் ஏதாவது ஒரு கிராமம், ஒரு தேநீர்க்கடை, ஆளுக்கு இரண்டு ஸ்கோன். வாரத்தின் மற்ற நாள்களில் மெர்வின் நாற்காலியில் சுருண்டு கிடப்பார், வியாழன் காலையில்தான் எழுந்து முகம் மழித்துக்கொள்வார். அதையும் பிடுங்கிவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? அந்த பயம்தான் ஏவிஸின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. இன்று அந்த பயத்துக்கு ஒரு குழந்தையைப் பலி கொடுக்கப் பார்த்தோமே!

ஹெட்டியின் தேநீர்க்கடை பிட்டன்ஃபோர்டு கிராமத்தில் சர்ச்சுக்கு எதிரே இருந்தது. தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல்கள், பட்டப்பகலிலும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். மெர்வின் பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே ஹெட்டிக்கு அவர்களைத் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குத் தங்கம்தான்.

"வா தங்கம், வா! ஏவிஸ், என்ன இது, முகம் வெள்ளைவெளேர்னு இருக்கு? இவர் ஓட்டுற லட்சணத்துல பயந்துட்டியா?"

"வயிறு சரியில்லை," என்றாள் ஏவிஸ்.

"என் ஸ்கோன் தின்னா எல்லாம் சரியாயிடும். மெர்வின், போன தடவை என் ஸ்கோனைக் காய்ஞ்ச செங்கல்லுன்னு சொன்னியாமே? காதுக்கு வந்துச்சு."

"செங்கல்லுன்னு நான் சொல்லலை. அதை வெச்சு வீடு கட்டலாம்னுதான் சொன்னேன்."

ஹெட்டி அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனாள். பக்கத்து மேஜையில் நடைப்பயணம் வந்த நாலைந்து பேர் சேற்றுப் பூட்சோடு உட்கார்ந்திருந்தார்கள். மெர்வின் அவர்களுக்கு வணக்கம் சொன்னார், மழை வரும் என்றார், மலைமேல் போகாதீர்கள் என்றார். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார், தானியத்தைப் பார்க்கும் கோழி மாதிரி. இந்தச் சாய்ப்பு எப்போது வந்தது? ஏவிஸ் யோசித்துப் பார்த்தாள். போன குளிர்காலத்திலா, அதற்கும் முன்னாலா?

ஸ்கோன் வந்தது. சூடாக ஆவி பறந்தது. கெட்டி க்ரீமும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் ஒரே மாதிரி இரண்டு பழுப்பு மண்கிண்ணங்களில் இருந்தன. ஹெட்டி கொண்டுவந்து வைத்தால் க்ரீம் கிண்ணம் எப்போதும் மெர்வினின் வலது கைப்பக்கம் வரும். இன்று ஹெட்டிக்கு போன் வந்துவிட்டது. தட்டை நடைப்பயணக்காரர்களில் ஒருவர் எழுந்து வாங்கி, உதவியாக மேஜையில் வைத்தார். கிண்ணங்கள் இடம் மாறின.

ஏவிஸ் அதைக் கவனிக்கவில்லை. அவள் மனம் அந்த வேலியோரத்தில் கிடந்தது.

மெர்வின் ஸ்கோனைக் கையால் பிட்டார், கத்தியால் வெட்டுவது அவருக்குப் பாவம். வலது கையை நீட்டினார். கரண்டி நிறைய எடுத்தார். பிட்ட பாதியின்மேல் வைத்து, ஓரம்வரை அழகாக, ஆசையாகத் தடவினார். செக்கச்செவேலென்று ஜாம்.

"அடியாத்தே!" என்று ஹெட்டியின் குரல் கடையையே அதிரவைத்தது. போனைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். "எல்லாரும் இங்க வாங்க! மெர்வின் லஸ்கோம் கார்ன்வால்காரன் ஆயிட்டான்! ஜாமை முதல்ல தடவுறான்யா! இன்னைக்கு மழை இல்லை, வெள்ளமே வரப்போவுது!"

பக்கத்து மேஜை சிரித்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். மெர்வினின் கத்தி ஸ்கோன்மேலேயே நின்றது. அவர் குனிந்து பார்த்தார். நேராகப் பார்த்தார். பிறகு தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவர் கழுத்து மெல்லச் சிவந்துகொண்டே வருவதை ஏவிஸ் பார்த்தாள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை அதற்குப் பிறகு நடந்தது. அவர் சிரித்தார்.

"ஏன், தடவினா என்ன? மாப்பிள்ளை ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்கான், ஒரு தடவை பாருங்க மாமான்னு. வயசாயிடுச்சு, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்ல?"

"நீயா வளையுற ஆளு?"

"வளைஞ்சுட்டேன், போ. நல்லாத்தான் இருக்கு." ஜாம்மேல் க்ரீமை வைத்து ஒரு கடி கடித்தார். மென்றார். "ம், அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

ஏவிஸ் தன் கத்தியைக் கீழே வைத்தாள். கல்யாண விருந்தில் சம்பந்தி முகத்தில் அடித்தமாதிரி ஸ்கோனைத் திருப்பிய மனிதர் இவர். தூக்கில் போட்டாலும் ஜாமை முதலில் தொடமாட்டேன் என்று மைக்கில் முழங்கியவர். இன்று ஊரே பார்க்க அதைத் தின்று, நல்லாயிருக்கு என்கிறார். எதற்கு? கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்கு. அந்தக் கார் சாவிக்காக இந்த மனிதர் எதையும் விட்டுக்கொடுப்பார், தன்னையே விட்டுக்கொடுப்பார். சொன்னால் கேட்கவா போகிறார்? அழுதால் கேட்கவா போகிறார்? இன்னும் சற்று நேரத்தில் எழுந்து, போலாமா என்று கேட்பார். அதே ரோட்டில் திரும்பிப் போக வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை வேறு, ரோட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

மெர்வின் கை கழுவ எழுந்து போனார். நாற்காலிகளுக்கு நடுவே சரியாகத்தான் நடந்தார். பழகிய கடை. கோட்டு நாற்காலியில் தொங்கியது.

ஏவிஸ் கோட்டுப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். ஓடிவிடலாமா என்று முதலில் நினைத்தாள். சாவியை ஓடையில் எறிந்துவிடலாம், கைப்பைக்குள் ஒளித்துக்கொள்ளலாம், தொலைந்துபோச்சு என்று சொல்லலாம். அப்புறம்? வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் அவள் வானத்தையும் ஆட்டையும் பற்றிப் பேசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், மறுபடியும் எங்காவது ஒரு மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடவுளே, எனக்கு வேறு வழி தெரியலையே என்று முனகினாள்.

சாவியை வெள்ளை மேஜைவிரிப்பின் நடுவில், அவருடைய தட்டுக்கு நேர் முன்னால் வைத்தாள். சிவப்புத் தோல் வளையம் போட்ட சாவி. கடைக்கு அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

மெர்வின் வந்து உட்கார்ந்தார். மிச்சத் தேநீரைக் குடித்தார்.

"போலாமா? மழைக்கு முன்னாடி போயிடலாம்." கோட்டைப் போட்டுக்கொண்டு பையில் கையை விட்டார். இன்னொரு பையில் விட்டார். கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "எங்க வெச்சேன்? ஏவிஸ், சாவியை நீ வாங்கினியா?"

"இல்லை. என்கிட்ட இல்லை."

"கீழே விழுந்துடுச்சா பாரு."

"கீழே இல்லை."

ஹெட்டி துடைக்கும் துணியோடு வந்தவள், "அதோ உன் மூக்குக்கு எதிர்லயே..." என்று ஆரம்பித்தாள். ஏவிஸ் கையை உயர்த்தினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஹெட்டியின் வாய் அப்படியே நின்றது. பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பினார்கள். சாவியைப் பார்த்தார்கள், மெர்வினைப் பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இவ்வளவு பேர் முன்னால் இவரை இப்படி நிறுத்திவிட்டேனே, பாவி நான், பாவி, என்று ஏவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கையைக் கீழே இறக்கவில்லை.

கடை அமைதியாகிவிட்டதை மெர்வின் உணர்ந்தார். பையைத் துழாவிய கை நின்றது.

"ஏவிஸ், சாவி எங்க?"

"மேஜைமேல. உன் முன்னாடி."

அவர் தலையைச் சாய்த்திருந்தால் ஒருவேளை கண்டுபிடித்திருப்பார். சாய்க்கவில்லை. நேராகவே உட்கார்ந்து கையை நீட்டினார். விரல்கள் கோப்பையைத் தொட்டன. தட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போயின. சாவியை ஒரு விரற்கடை தூரத்தில் தாண்டிப்போய்க் கிண்ணத்துக்குள் விழுந்தன. கையை எடுத்து, விரலை நாக்கில் வைத்தார்.

"இதுதான் க்ரீம்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்டி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரலைத் துடைத்துக்கொண்டு, "வர்ற வழியில உரசுச்சே," என்று மெர்வின் மெல்லக் கேட்டார். "அது கிளைதானே?"

"இல்லை, மெர்வின்."

"ஆடா?"

"குதிரை."

"சும்மா நின்ன குதிரையா?"

"மேல ஒரு பொண்ணு இருந்தா. எட்டு வயசு இருக்கும். பளபளன்னு மஞ்சள் சட்டை போட்டிருந்தா."

மஞ்சள் சட்டை. அரை மைல் தூரத்திலிருந்தே டிரைவர் கண்ணில் படட்டும் என்று தாய்மார்கள் போட்டு அனுப்பும் சட்டை. மெர்வின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்தாளா?"

"விழலை. ஆனா நான் மறுபடியும் பார்க்கலை. நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. ம்னு சொன்னேன்." இதற்குமேல் ஏவிஸால் அடக்க முடியவில்லை. மேஜைமேல் தலையை வைத்து, எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதாள்.

ஹெட்டி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். "குதிரையில போற எட்டு வயசுன்னா மேல் பண்ணைப் பொண்ணுதான்," என்று முணுமுணுத்தாள். யாரிடமோ பேசினாள், கேட்டாள், தலையாட்டினாள். "வீட்டுக்கு வந்துட்டாளாம். கணுக்கால் வீங்கியிருக்காம், வேற ஒண்ணுமில்லையாம். அவ அம்மா கொதிச்சுப்போயிருக்கா, எவன்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவேன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எவன்னு சொல்லு," என்றார் மெர்வின்.

"மெர்வின்..."

"மெர்வின் லஸ்கோம்னு சொல்லு. இப்போ வர்றேன்னு சொல்லு. உரிக்கட்டும்." அவர் எழுந்தார். "இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"மேடு ஏறணும். ஒரு மைல் இருக்கும். தங்கம், நான் என் வண்டியில கொண்டுபோய் விடறேன்."

"வேணாம். நடந்து போறோம். நடந்துதான் போகணும்." சாவி இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "அதை நீ வெச்சுக்கோ ஹெட்டி. மகள் வந்து வண்டியை எடுத்துக்குவா. எனக்கு மட்டும் குடுத்துடாதே. நாளைக்கே வந்து கெஞ்சுவேன். காலைப் பிடிப்பேன். குடுக்காதே."

ஹெட்டி சாவியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெர்வின் அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தார். ரோட்டில் நடக்கும்போது எப்போதும் ரெண்டடி முன்னால் போகிற மனிதர், இன்று அவள் பக்கத்திலேயே நின்றார். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் ஒரு காலைத் தூக்கி, தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"ஏவிஸ்," என்றார். "இங்க படி இருக்கா?"

"இருக்கு," என்றாள் அவள். "ஒரு படி."